சித்தப்பா மகள் எடுத்த கிட்டார்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு முதலில் முழங்கால் வலிக்குப் போகும். அங்கிருந்து சர்க்கரைக்கு. அப்புறம் யார் பிள்ளை எந்த ஊரில், என்ன வேலையில் என்று போகும். அந்த இடம் வந்ததும் ஒருவராவது, "எனக்கெல்லாம் யாரைப் பார்த்தும் பொறாமை கிடையாதுப்பா" என்று சொல்லிவிட்டு டீயை உறிஞ்சுவதைக் கவனித்திருக்கிறேன். நல்லது, அப்படியே இருங்கள். எனக்கு உண்டு. இரத்த அழுத்தம் வருவதற்கு ரொம்ப முன்பே வந்துவிட்டது அது, மாத்திரைக்கும் அசையாது. வந்த கதையைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள், என் இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் உங்களுக்கு வந்திருக்காதா என்று.

கோவில்பட்டியில் எங்களுக்கு ஒரே சுற்றுச்சுவருக்குள் இரண்டு வீடுகள். முன்வீட்டில் நாங்கள், பின்வீட்டில் சித்தப்பா குடும்பம். அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து தீப்பெட்டி ஆபீஸ் நடத்தினார்கள். தொழிற்சாலையை எங்கள் ஊரில் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அடுப்பு தனித்தனி என்றாலும் குழம்புக் கிண்ணம் இரண்டு வீட்டுக்கும் நடையாக நடந்துகொண்டே இருக்கும். எனக்கும் சித்தப்பா மகளுக்கும் ஒரு வயதுகூட வித்தியாசம் இல்லை, நான்தான் மூத்தவள். தீபாவளிக்கு ஒரே தானில் துணி வெட்டி இருவருக்கும் ஒரே மாதிரி பாவாடை சட்டை தைப்பார்கள். அதே துணி, அதே டெய்லர், ஆனால் அவள் போட்டால் நன்றாக இருக்கும். கடைவீதியில் யாராவது, "அண்ணாச்சி வீட்டுப் பிள்ளைகளா, ரெட்டையா?" என்று கேட்பார்கள். இல்லை என்றதும் அவளைப் பார்த்து, "இதுதான் சின்னதா, லட்சணமா இருக்கு" என்பார்கள். பெரியதைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை. எங்கள் தெருவுக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று முனிசிபாலிட்டிக்கே தெரியாத காலம். கோயில் கொடைத் திருவிழாவில் பாடும் மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிக்கிறவர் ஒருவர், பகலில் ரயில்வேயில் வேலை பார்ப்பவர், ஸ்டேஷன் பக்கம் ஒரு மாடியில் லீவு வகுப்பு எடுக்கப்போகிறார் என்று செய்தி வந்தது. அவரைக் கொடை மேடையில் பார்த்திருக்கிறோம். சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும் மாறி மாறி அடிக்க, தலையைச் சாய்த்து நின்றுகொண்டு அவர் வாசிக்கும்போது நாமும் இப்படி வாசிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். அவளுக்கும் தோன்றியிருக்க வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து அடம்பிடித்தோம். பாட்டு, வீணை என்று அம்மாவும் சித்தியும் சொல்லிப் பார்த்தார்கள். எங்களிடம் எடுபடவில்லை.

எங்கள் சரக்கை வாங்கும் கல்கத்தா டீலரிடம் அப்பா போனில் சொன்னார். தீப்பெட்டி ஏற்றிப்போன லாரி திரும்பி வரும்போது அந்த ஊர்ச் சாமான் எதையாவது கொண்டுவருவது வழக்கம். காட்டன் சேலை வந்திருக்கிறது, ஒரு தடவை சுவர்க்கடிகாரம் வந்தது. அந்தக் கோடையில் இரண்டு கிட்டார்கள் வந்தன.

அப்பாவுக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். ஆபீஸ் அறையில் பசையும் மெழுகும் மரத்தூளும் கலந்த மணம். மேசைமேல் சாக்கும் பழைய சேலையும் சுற்றிய இரண்டு பொட்டலங்கள். அப்பா ஒன்றைப் பிரித்தார். புத்தம்புது கிட்டார். நடுவில் ரத்தச்சிவப்பு, ஓரத்துக்குப் போகப்போகக் கறுப்பு. வார்னிஷை வஞ்சனை இல்லாமல் பூசியிருந்தார்கள். அதில் என் முகம் தெரிந்தது. இரண்டாவதைப் பிரித்ததும் அப்பா உச்சுக் கொட்டினார். கடையில் ஒன்றுதான் இருந்ததாம். இன்னொன்று டீலர் தன் வீட்டிலிருந்து எடுத்து அனுப்பியது, அவர் மகன் வாசித்தது. வெளிறிப்போன மரம். முன்பக்கம் டீ டம்ளர் வைத்த மாதிரி ஒரு வட்டக் கறை. துளையை ஒட்டி நகக் கீறல்கள். ஒரு மூலையில் சில்லு பெயர்ந்திருந்தது, முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு வார்னிஷ் உரிந்திருந்தது.

"கழிச்சதத் தூக்கி அனுப்பிருக்கான் பாரு" என்றார் அப்பா.

அப்பாவைக் குறை சொல்லக் கூடாது. அவருடைய தொழில் அப்படி. லேபிள் ஒரு நூல் கோணினாலும் வடக்கே சரக்கைத் திருப்பிவிடுவார்கள். குச்சி சரியாக எரியவில்லை என்று ஒரு பெட்டி திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. பார்வைக்குச் சுத்தமாக இருந்தால் சரக்கு நல்ல சரக்கு என்பது எங்கள் வீட்டில் எல்லாரும் பால் குடித்த நாளிலேயே கற்றது.

அவர் லாரியைப் பார்க்க வெளியே போனார். நான் சிவப்புக் கிட்டாரின் தடித்த கம்பியைச் சுண்டினேன். சத்தம் வந்து அங்கேயே விழுந்துவிட்டது. அடுத்ததையும் சுண்டிப் பார்த்தேன். என்னவென்று சொல்ல. அந்தச் சத்தம் எழுந்து, நின்று, மேசைப் பலகைக்குள் இறங்கி, மேசைமேல் வைத்திருந்த என் இடது கைக்கு வந்து சேர்ந்தது. பக்கத்து அறையில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி எட்டிப் பார்த்து, "என்னதும்மா அது, இன்னொருக்க அடி" என்றாள். அடித்தேன். இதுதான் எனக்கு என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன். அந்தக் கோடையில் எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அன்று சாயங்காலம் முன்வீட்டுக் கூடத்தில் இரண்டு குடும்பமும் கூடியது. புதியது யாருக்கு, பழையது யாருக்கு என்று அம்மாவும் சித்தியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். அப்பா வழி சொன்னார். எங்கள் ஆட்களிடம் சொத்துப் பிரிக்கும்போது ஒரு முறை உண்டு. மூத்தவன் பங்கு வைக்க வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும். மிஞ்சியது மூத்தவனுக்கு. அதனால் வைக்கிறவன் ஒழுங்காக வைப்பான். அப்பாவும் சித்தப்பாவும் இந்த இரண்டு வீட்டையும் அப்படித்தான் பிரித்துக்கொண்டார்களாம், ஒரு சொல் தடித்து விழவில்லையாம்.

"பெரியவ பங்கு வைக்கட்டும். சின்னவ எடுக்கட்டும். இந்தச் சில்லறைச் சாமானையும் சேத்து வையி" என்றார் அப்பா.

கிட்டாரோடு வேறு சில சாமான்களும் வந்திருந்தன. ஜிப் வைத்த கறுப்பு உறை ஒன்று, தோளில் மாட்டும் வார், மாற்றுக் கம்பிகள், வாயில் வைத்து ஊதிச் சுருதி சேர்க்கும் சின்னக் குழல், கம்பி தட்டும் பிளாஸ்டிக் சில்லுகள் போட்ட தகர டப்பா. நியாயமாக வைத்தால் புதியது ஒரு பக்கம் தனியாக, பழையதோடு இந்தச் சாமான் எல்லாம் மறுபக்கம் என்று வைக்க வேண்டும். அப்படி வைத்தால் அவள் சாமானுக்கு ஆசைப்பட்டுப் பழையதை எடுத்துவிடுவாளோ என்று எனக்குப் பயம். அந்தக் குழலை அவள் முதலிலேயே எடுத்து ஊதிப் பார்த்திருந்தாள். அதனால் சிவப்புக் கிட்டாரை நடுவில் வைத்து, உறை, வார், கம்பி, குழல், டப்பா எல்லாவற்றையும் அதன்மேல் அடுக்கினேன். பழையதைச் சுவரோரமாகச் சும்மா சாத்தி வைத்தேன்.

"ஏட்டி, யோசிச்சுதான் வைக்கியா?" என்றாள் அம்மா. நான் தலையை ஆட்டினேன். சித்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "தங்கச்சிக்கு எல்லாத்தையும் விட்டுக்குடுத்துட்டாளே. என் தங்கம்" என்று என் கன்னத்தை வழித்தாள். சித்தப்பா, "பெரியவ பெரியவதான்" என்றார். சித்தி வாயிலிருந்து என் வாழ்நாளில் வந்த ஒரே பாராட்டு அது. ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கிற நேரம் அதை அனுபவித்திருப்பேன்.

சித்தப்பா மகள் வந்து குத்தவைத்து உட்கார்ந்தாள். பாவாடை நுனியை எடுத்துச் சிவப்புக் கிட்டாரைத் துடைத்தாள். அதில் தூசியே இல்லை. துடைக்கிற சாக்கில் விரல் முட்டியால் லேசாக ஒரு தட்டு. பிறகு சுவர்ப் பக்கம் நகர்ந்து பழையதைத் துடைத்தாள். அங்கேயும் ஒரு தட்டு. பானை வாங்கும்போது சித்தி தட்டுவாளே, அதே தட்டு. வேறு யாரும் கவனிக்கவில்லை. நான் பார்த்தேன்.

"எனக்கு இது போதும் பெரியப்பா" என்று பழையதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

நீங்கள் அந்தக் கூடத்தைப் பார்த்திருக்க வேண்டும். சித்தி இப்போது உண்மையாகவே அழுதாள். என் அம்மாவே சித்தப்பா மகளைக் கட்டிக்கொண்டு, "இந்த வயசுல யாருக்குட்டி இந்த மனசு வரும்" என்றாள். எனக்குக் கிடைத்த பாராட்டு எங்கே போனது என்றே தெரியவில்லை. நான் எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்தவள் இல்லையா? ஒரு நிமிடத்தில் நான் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டவள் ஆகிவிட்டேன். அவளுக்கு நல்ல கிட்டாரும் கிடைத்தது, நல்ல பேரும் கிடைத்தது. எனக்கு அந்தத் தகர டப்பா கிடைத்தது.

வகுப்பு தொடங்கியது. மாஸ்டர் மாடிக்குப் போகும் படியில் வெற்றிலைக் கறையும் அவர் அறையில் சாம்பிராணி மணமும் இருக்கும். முதல் நாள் என் கிட்டாரைப் பார்த்து, "அடேயப்பா, நல்லாருக்கே" என்றார். பிறகு அவளுடையதை வாங்கி ஒரு தரம் மீட்டினார். மீட்டிவிட்டு, சத்தம் அடங்கும்வரை கையைத் தூக்கியபடியே உட்கார்ந்திருந்தார். "கார்வை இருக்கு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அன்றிலிருந்து எதை வாசித்துக் காட்ட வேண்டும் என்றாலும், "அதக் குடும்மா" என்று அவளிடம்தான் கையை நீட்டுவார். நான் பக்கத்திலேயே என் சிவப்பை ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

வீட்டில் வந்து புகார் சொன்னேன். அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்.

"அந்தப் பிள்ள மனசு நோவக் கூடாதுன்னு அவரு அதையே வாங்கி வாசிக்காரு. நல்ல மனுசன்லா அவரு."

இப்படித்தான் எங்கள் வீட்டில் காது கேட்டது. இன்று யோசித்தால் சிரிப்பு வருகிறது, அன்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனேன்.

சாயங்காலத்தில் இரண்டு வீட்டிலும் ஒரே பாடத்தைப் பயிற்சி செய்வோம். என் அறை ஜன்னல் வழியாக அவள் வாசிப்பது வரும். ஒரே விரல், ஒரே கம்பி, ஒரே பாடம். அவளுடையது முற்றத்தைத் தாண்டி, துவைகல்லைத் தாண்டி வந்து என் கட்டில்மேல் உட்காரும். என்னுடையது என் மடியைவிட்டு இறங்காது. இரண்டு வீட்டையும் ஒட்டிப் போகும் தெருவில் சைக்கிளில் போகிறவர்கள் காலை ஊன்றி நிற்பார்கள். யார் வாசிப்பை நின்று கேட்கிறார்கள் என்று மொட்டைமாடியில் ஏறிப் பார்ப்பேன். பின்வீட்டுப் பக்கம்தான் முகத்தைத் திருப்பியிருப்பார்கள்.

என் கிட்டாரைச் சரிசெய்ய நான் பட்ட பாட்டைக் கேட்டால் சிரிப்பீர்கள். மாற்றுக் கம்பிகளைப் போட்டுப் பார்த்தேன். தேங்காய் எண்ணெய் தடவினேன். கடைசியில் ஒரு யோசனை வந்தது. மழைக்காலத்தில் தீக்குச்சி நமுத்துப்போனால் வெயிலில் காயவைத்தால் கரகரவென்று ஆகிவிடும், எங்கள் ஆபீஸ் களத்தில் தினமும் பார்ப்பதுதான். இதுவும் மரம்தானே. ஒரு மத்தியானம் மொட்டைமாடியில் அம்மாவின் கூழ் வற்றலுக்கு நடுவில் கிட்டாரைக் கிடத்திவைத்தேன். கோவில்பட்டி வெயில் தெரியும் அல்லவா. எடுக்கப் போனபோது வார்னிஷ் சூடேறி விரல் ஒட்டியது, என் கைரேகை அதில் பதிந்துவிட்டது. சத்தம் அப்படியேதான் இருந்தது. அப்பா அதைப் பார்த்துவிட்டு, "புதுச்சாமான இப்படியாட்டி நாசம் பண்ணுவ?" என்று ஏசினார். அதிலிருந்து அதை உறைக்குள்ளேயே வைக்க வேண்டும் என்று உத்தரவு.

லீவில் சித்தியின் ஊருக்குப் போவது உண்டு. விளாத்திகுளத்துப் பக்கம், பஸ்ஸில் போய் இறங்கி நடக்க வேண்டும். பிளந்து கிடக்கும் கரிசல், வெடிப்புக்குள் காலை விட்டால் குதிகால் முழுக்க உள்ளே போகும். அந்த வருஷம் அவள் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். என்னுடையதைக் கொண்டுவர விடவில்லை. "புதுசு, பஸ்ல கீறிரும்" என்றாள் அம்மா. அவளுடையதில் புதிதாகக் கீற என்ன இருக்கிறது? பஸ்ஸில் கோழிக்கூடைமேல் வைத்தாள், கிணற்றுமேட்டில் வைத்தாள், மிளகாய் காயும் களத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்து வாசித்தாள். மிளகாய் நெடியில் நாங்கள் எல்லாரும் தும்மினோம். களத்தில் வேலை செய்தவர்கள் கையிலிருந்த விளக்குமாற்றைச் சாத்திவைத்துவிட்டுக் கேட்டார்கள். சித்தியின் சொந்தக்காரி ஒருத்தி என்னிடம், "நீ வாசிக்க மாட்டியாம்மா?" என்றாள். எனக்கும் கிட்டார் உண்டு, வீட்டில் உறைக்குள் இருக்கிறது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

ஊரிலிருந்து ஒரு திட்டத்தோடு திரும்பி வந்தேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பமும் சேர்ந்து சாப்பிடும். எல்லாருக்கும் ரசம் ஊற்றுகிற நேரம் பார்த்துச் சொன்னேன்.

"சித்தி, தங்கச்சியே எத்தன நாளைக்குப் பழச வச்சுக்கிட்டு இருப்பா. எனக்குப் பாவமா இருக்கு. என் புதுச அவ வச்சுக்கட்டும். நான் பழச எடுத்துக்கிடுதேன்."

நடிப்பில் என்னை ஒரு குறையும் சொல்ல முடியாது. சித்தியின் கையில் கரண்டி நின்றுவிட்டது. அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். இனி அவள் என்ன செய்வாள்? தர மாட்டேன் என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் தியாகம் எல்லாம் போச்சு. நான் ரசத்தை உறிஞ்சிக்கொண்டே காத்திருந்தேன்.

அவள் அவசரமே படவில்லை. "வேண்டாம்க்கா. உனக்குப் புதுசுன்னா பிடிக்கும்லா. எனக்கு இதே பழகிட்டு" என்றாள்.

அவ்வளவுதான். சித்தி திரும்பவும் அழுதாள். இந்தப் பெண்களின் கண்ணீரில் எங்கள் தெருவுக்கே ஒரு நாள் தண்ணீர் விட்டிருக்கலாம். சித்தப்பா தொண்டையைச் செருமினார். "இதுகளுக்கு உள்ள மனசு நமக்கு இல்லியே அண்ணாச்சி. அதச் சும்மா விடக் கூடாது. அந்தப் பழசப் புதுசு மாதிரி ஆக்கிருவோம். நம்ம லாரிக்கு அடிச்ச பெயிண்டர்ட்ட சொல்லுதேன்" என்றார்.

அவள் கையிலிருந்த அப்பளம் நொறுங்கியதை நான் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு பெயிண்டர் வந்தார். எங்கள் லாரியின் பின்கதவில் தாமரையும் இரண்டு கிளிகளும் வரைந்தவர், வேலைக்காரர்தான். கிட்டாரை வாங்கிக் கட்டைவிரலால் ஓரத்தைத் தடவினார். எல்லாவற்றையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு, பள்ளத்துக்குப் பட்டி வைத்து, மயில் நீலத்தில் மூன்று கோட்டிங் கொடுத்துவிடலாம் என்றார். மூலையில் சில்லு போன இடம் தெரியாமல் ஒரு தாமரை போட்டுவிடுவாராம்.

"உள்ளயும் ஒரு கோட்டிங் குடுத்துருவோம் அண்ணாச்சி. பூச்சி அரிக்காது" என்றார்.

எனக்கு என்ன தோன்றியது என்று கேளுங்கள். முதலில் குளுகுளு என்று இருந்தது. முற்றம் தாண்டி வரும் அந்தச் சத்தம் இனி வராது. அவளும் என்னைப் போல ஒரு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு டொக்கு டொக்கு என்று தட்டுவாள். அடுத்த மூச்சில் அது மாறிவிட்டது. அது என்னுடையதாக வேண்டும் என்று நான் ஆசைப்பட்ட சத்தம். மயில் நீலத்துக்குள் போனால் பிறகு யாரிடமிருந்து அதைப் பிடுங்குவது? வாயைத் திறப்பதா வேண்டாமா என்று நான் தவித்துக்கொண்டிருக்கும்போதே பெயிண்டர் பையிலிருந்து உப்புத்தாளை எடுத்துவிட்டார்.

"பெரியப்பா, வேண்டாம்" என்றாள் அவள்.

"கூச்சப்படாதம்மா. நம்ம ஆளுதான" என்றார் அப்பா.

"கூச்சம் இல்ல. இதுல சத்தம் நல்லாருக்கு. அதுனாலதான் எடுத்தேன். பெயிண்ட் அடிச்சா போயிரும்."

சித்திக்குப் புரியவில்லை. "அப்ப அன்னைக்கு நீ அக்காவுக்கு விட்டுக்குடுக்கலியா?"

"நான் எங்க விட்டுக்குடுத்தேன். நீங்களாத்தான் சொன்னீங்க. ரெண்டையும் தட்டிப் பாத்தேன். அது டொக்குன்னுச்சு. இது நின்னு கேட்டுச்சு. இத எடுத்தேன்."

சொல்லிவிட்டுப் பெயிண்டர் கையிலிருந்து கிட்டாரை வாங்கிக்கொண்டாள். முகம் சிவந்திருந்தது, ஆனாலும் குனியவில்லை. நான் சுவரில் நன்றாகச் சாய்ந்து நின்றுகொண்டேன். கோடை முழுக்க அவளுக்குப் போன பாராட்டு எல்லாம் லேபிள் கோணின சரக்கு மாதிரி மொத்தமாகத் திரும்பி வரப்போகிறது. அதைக் கண்குளிரப் பார்க்க வேண்டும்.

அப்பாவின் தோள் முதலில் குலுங்கியது. பிறகு அவர் சத்தமாகச் சிரித்தார். "ஏலே தம்பி, கேட்டியா? நம்ம எல்லார் கண்ணு முன்னாலயும் தட்டிப் பாத்து எடுத்திருக்கா. ஒருத்தனுக்கும் தெரியலியே."

சித்தப்பா மீசையைத் தடவிவிட்டுக்கொண்டார். "யாவாரி மகள்லா" என்றார்.

சித்தியைப் பற்றிக் கேட்க வேண்டுமா. மகளின் தியாகத்துக்காக இரண்டு தடவை அழுதவள், அந்தத் தியாகம் பொய் என்று தெரிந்ததும் இன்னும் நிமிர்ந்து நின்றாள். "எங்க அப்பாவும் இப்படித்தான். பருத்தி வாங்கப் போனா பொதிக்குள்ள கைய விட்டுப் பாக்காம வாங்க மாட்டாவ" என்றாள். விட்டுக்கொடுக்கிற பிள்ளையைவிடச் சரக்கு பார்த்து எடுக்கிற பிள்ளை எங்கள் வீட்டில் ஒரு படி மேலே என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டாமா?

அப்பா இரண்டு கிட்டாரையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கோடை முழுக்கக் கேட்காத காதுகள் எல்லாம் அன்று திறந்துகொண்டன. "ஆமா, இது நிக்குது" என்றார் சித்தப்பா. பெயிண்டரும் உப்புத்தாளை மடித்துக்கொண்டே, "வித்தியாசம் இருக்கு அண்ணாச்சி" என்றார். அம்மா என் பக்கம் திரும்பி என் தலையைத் தடவினாள்.

"பளபளப்பப் பாத்து ஏமாந்துட்டியேட்டி."

"நான் எங்கம்மா எடுத்தேன். மிஞ்சினதுதான எனக்கு வந்துச்சு" என்றேன். யார் காதிலும் விழவில்லை.

மறுநாள் குழாயில் தண்ணீர் வந்தது. குடங்களை அப்பாவும் நானும் தொட்டிக்குத் தூக்கிக்கொண்டிருந்தோம். பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு கேட்டார்.

"நீ அன்னைக்கு எல்லாச் சாமானையும் அதுமேல எதுக்குத் தூக்கி வச்சே? ஆபீஸ்ல வச்சே உனக்குத் தெரியும், என்ன?"

நான் குடத்துத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினேன்.

"மட்டச் சரக்குக்கு இனாம் கொஞ்சமாத்தான் வைக்கணும். இப்படிக் கொட்டிக் குடுத்தா, வாங்க வந்தவன் தட்டிப் பாக்கத்தான் செய்வான்" என்று சொல்லிவிட்டு அடுத்த குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார். திட்டினால்கூடப் பரவாயில்லை. வியாபாரத்தில் தோற்ற ஆளிடம் பேசுவது மாதிரி பேசினார்.

அன்று சாயங்காலம் என் அறை வாசலில் சித்தப்பா மகள் வந்து நின்றாள். கையில் கிட்டார். "எக்கா, லீவு முடியுற வரைக்கும் நீ வச்சுக்கோ. மாஸ்டர்ட்ட நான் சொல்லிக்கிடுதேன்" என்று என் மடியில் வைத்துவிட்டுக் கதவோரம் தரையில் உட்கார்ந்தாள். கடலைமிட்டாய் ஒன்றைப் பிரித்துக் கடித்தாள்.

வாசித்தேன். மாஸ்டர் சொல்லிக்கொடுத்த சின்னப் பாடம்தான். என் கையில் அது பாடாது, விரல்தான் காரணம் என்று ஆகிவிட்டால் அதோடு விஷயம் முடிந்தது என்று ஓரத்தில் ஒரு நினைப்பு இருந்தது. பாடியது. அந்தச் சத்தம் எழுந்து நின்று, என் நெஞ்செலும்புக்குள் இறங்கி, ஜன்னலைத் தாண்டி முற்றத்துக்குப் போனது. தெருவில் ஒரு சைக்கிள் நின்றது எனக்குக் கேட்டது. முன்வீட்டுப் பக்கம்தான் நின்றது.

வாசித்துக்கொண்டே அவளைப் பார்த்தேன். கோடை முழுக்க நான் கட்டிலில் படுத்து வெந்தேனே, அதில் கால்வாசியாவது அவள் முகத்தில் வருமா என்று தேடினேன். ஒரு சின்னச் சுருக்கம் போதும், நான் கிட்டாரை அப்போதே திருப்பிக் கொடுத்திருப்பேன். அவள் மிட்டாய்த் துணுக்கைப் பாவாடையிலிருந்து தட்டிவிட்டு, "உன் கையில இன்னும் நல்லாக் கேக்குதுக்கா" என்றாள். உண்மையாகவே சந்தோஷப்பட்டுச் சொன்னாள்.

கிட்டார் லீவு முடியும்வரை என்னிடம் இருந்தது. பொறாமை தெரியாத அவளுடைய அந்த முகம் மட்டும் எனக்கு ஒரு நாளும் வாய்க்கவில்லை.